மைதானத்தில் ஒரு தாயும் மகனும்

"மிஸ், ஒரு விஷயம் கேட்டால் சிரிக்க மாட்டீங்களே?"

மாதாந்தக் கூட்டம் முடிந்து பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டிருந்த வேளையில் அந்த அக்கா என்னிடம் இப்படித்தான் கதையைத் தொடங்கினார். சுழற்சிமுறைக் கடன் பற்றியோ, கோழிக்கூடு பற்றியோ, காணாமற்போனோர் பதிவு பற்றியோ கேட்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். களப்பணிக்குச் செல்லும் எங்களிடம் பெண்கள் கேட்பவை பெரும்பாலும் அவைதான். அவர் கேட்டதோ வேறொன்று.

"இவன் யாழ்ப்பாணத்திலை நடக்கிற புட்போல் பைனலுக்குக் கூட்டிக்கொண்டு போகட்டாம். சாப்பிடாமல் நிக்கிறான். அங்கை ஆம்பிளையள்தானே போறவை. நான் போகலாமோ?"

போகலாம் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காரணம், நானும் அதுவரை ஓர் உதைபந்தாட்டப் போட்டியை மைதானத்திற்குள் இருந்து பார்த்தவளல்ல. நான் சிறுமியாக இருந்தபோது அப்பா அண்ணாவைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு போட்டி பார்க்கப் போவார். நானும் வரப்போகிறேன் என்று படலைவரை ஓடுவேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு அங்கை என்ன வேலை?" என்று அம்மம்மா கையில் பிடித்து இழுத்து வருவார். பின்னாளில் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தேன். பொது இடங்களில் பெண்களின் பங்கு பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதினேன். ஆனால் அந்தப் படலையைத் தாண்டிப் போட்டி பார்க்கப் போனதில்லை.

"நானும் வாறன் அக்கா, மூண்டு பேருமாய்ப் போவம்" என்றேன்.

இது நடந்தது 2018 ஆம் ஆண்டில். அந்தத் தாயின் சம்மதத்துடன்தான் இதை எழுதுகிறேன். அவருடைய பெயரையும் ஊரையும் எழுதவில்லை. மோதிய இரண்டு கழகங்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன். எழுதினால் தோற்ற ஊர்ச் சகோதரிகள் இந்தச் சஞ்சிகையை வாங்காமல் விட்டுவிடுவார்கள்!

மாமியின் கேள்வி

அக்காவின் கிராமம் பரந்தனுக்குக் கிழக்கே உள்ள ஒரு மீள்குடியேற்றக் கிராமம். வீட்டில் மூன்று பேர். அக்கா, அவருடைய மாமி, பத்து வயது மகன்.

2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளில் இந்தக் குடும்பமும் இருந்தது. மகனுக்கு அப்போது ஒரு வயதும் நான்கு மாதங்களும். அவன் அக்காவின் இடுப்பில். மாமி அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்தபடி. "பின்னாலை விட்ட பையை எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள் நடவுங்கோ" என்று சொல்லித் திரும்பிய கணவரை அதன் பின்னர் அவர் காணவில்லை. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரம் கூடாரமாகக் கேட்டார். ஊர் திரும்பிய பின்னர் அலுவலகம் அலுவலகமாகப் படிவம் நிரப்பினார். மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறும் வசதி 2016 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தினால் கிடைத்தது. அதற்கு விண்ணப்பிப்பதா வேண்டாமா என்று மாமியும் மருமகளும் பல மாதங்கள் பேசாமலே இருந்தார்கள்.

வடக்குக் கிழக்கில் யுத்தத்தினால் கணவரை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று 2010 ஆம் ஆண்டில் அரசின் பிரதி அமைச்சர் ஒருவர் தெரிவித்திருந்தார். இந்தக் கணக்கில் அக்காவைச் சேர்ப்பதா, விடுவதா? அவர் பொட்டு வைத்தாலும் கதை, வைக்காவிட்டாலும் கதை.

எமது வழக்கத்தில் துக்கத்திற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. எட்டு, முப்பத்தொன்று, ஆண்டுத் திவசம் என்று நாட்கள் வரும். ஒவ்வொரு நாளும் துக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி வைக்க இடம் தரும். கணவர் எங்கே என்று தெரியாதவளுக்குக் கலண்டரில் அப்படி ஒரு நாள் இல்லை. அமெரிக்காவைச் சேர்ந்த போலின் பொஸ் என்ற பெண் ஆய்வாளர், வியட்நாம் யுத்தத்தில் காணாமற்போன படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தபோது இதற்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'தெளிவற்ற இழப்பு' எனலாம். அழுது முடிக்கவும் முடியாது, சிரிக்கத் தொடங்கவும் முடியாது என்ற நிலை அது. உங்களில் பலருக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

எனவே மாமி கேட்ட கேள்வியில் எனக்கு வியப்பு ஏற்படவில்லை. "என்ரை பிள்ளை எங்கை எண்டு தெரியேல்லை. இவ கூத்துப் பாக்கப் போறாவோ?"

நான் மாமியுடன் வாதிடவில்லை. தேத்தண்ணி குடித்தபடி திண்ணையில் இருந்தேன். பேரன் முற்றத்தில் இரண்டு பனங்குற்றிகளை நட்டு, காற்றுப் போன பந்து ஒன்றை அவற்றுக்கிடையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தான். அதை மாமியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நான் எழும்பிப் படலைக்கு வந்தபோது பின்னாலிருந்து அவருடைய குரல் கேட்டது.

"ஒன்பது மணிக்குள்ளை வந்திட வேணும்."

பரந்தன் சந்தியிலிருந்து

மாரிமழை தொடங்குவதற்கு முன்னரான ஒரு சனிக்கிழமை. முட்டை விற்று ஒதுக்கிய காசு அக்காவின் கைப்பையில் ஒரு துணியில் முடிந்திருந்தது. பாணும் தேங்காய்ச் சம்பலும் கட்டி, இரண்டு போத்தல் தண்ணீரும் எடுத்து வந்திருந்தார். இரவு பரந்தன் சந்தியிலிருந்து வீட்டுக்குப் போக, அயலில் உள்ள முச்சக்கரவண்டிக்காரத் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். இவ்வளவு ஒழுங்காகத் திட்டமிடும் பெண்ணுக்குத்தான் "நான் போகலாமோ?" என்ற சந்தேகம் வந்திருக்கிறது.

ஆனையிறவு, பளை, கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழி என்று அறுபது கிலோமீற்றருக்குக் கிட்டிய பஸ் பயணம். மகன் யன்னலோரம். அந்த ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் ரஷ்யாவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டிகளைச் சந்திக் கடைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்துதான் அவனுக்கு இந்த ஆசை பிடித்தது. இறுதிப் போட்டியில் பிரான்ஸ் குரோஷியாவை 4 இற்கு 2 என்று வென்றது. அவனோ தோற்ற பக்கம்.

"ஏன் குரோஷியா?" என்று கேட்டேன்.

"மொட்ரிச் இருக்கிறார் அன்ரி."

லூகா மொட்ரிச் அந்த அணியின் தலைவர். அந்த உலகக் கிண்ணத்தின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதைப் பெற்றவர். அவரும் இடம்பெயர்ந்த பிள்ளைதான் என்று அவனிடம் சொன்னேன். 1991 இல் குரோஷியாவில் யுத்தம் மூண்டபோது மொட்ரிச்சுக்கு ஆறு வயது. அந்த ஆண்டு டிசம்பரில் அவருடைய தாத்தா கொல்லப்பட்டார். குடும்பம் வீட்டை விட்டு ஓடி, சாதர் என்ற கரையோர நகரில் அகதிகள் தங்கவைக்கப்பட்ட விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் வாழ்ந்தது. வாகனங்கள் நிறுத்தும் இடத்தில்தான் அவர் பந்தடித்துப் பழகினார்.

மகன் நெடுநேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாயிடம் கேட்டான். "அம்மா, மெனிக் பாமிலை நான் பந்தடிச்சனானோ?"

"உனக்கு அப்ப நடக்கவே சரியாத் தெரியாது. தண்ணிப் போத்தல் மூடியைத் தட்டித் தட்டித் திரிஞ்சனி" என்றார் அக்கா. முகாம் பற்றிய கதை ஒன்றைச் சொல்லி அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

துரையப்பா விளையாட்டரங்கு

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். பொது நூலகமும் கோட்டையும் அருகருகே உள்ள பகுதி அது. 1975 இல் கொல்லப்பட்ட யாழ். முன்னாள் மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயரைத் தாங்கிய இந்த அரங்கு யுத்த காலத்தில் சிதைந்து, நெடுங்காலம் பாவனையில்லாமல் கிடந்தது. 1999 இல் இங்கே புனரமைப்புக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. பின்னர் இந்தியாவின் சுமார் 7 கோடி இந்திய ரூபா உதவியுடன், 1,850 பேர் அமரக்கூடிய விதத்தில் திருத்தப்பட்டு 2016 ஜூன் 18 அன்று மீண்டும் திறக்கப்பட்டது.

எலும்புகள் கிடைத்த கதையை அக்காவிடம் சொல்வதா என்று யோசித்தேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. காணாமற்போனோரின் உறவுகளுக்குத் தெரியாத புதைகுழிச் செய்தி இந்த நாட்டில் இல்லை. "இதுக்குள்ளைதானே?" என்று மெல்லக் கேட்டார். ஓம் என்றேன். ஒரு கணம் நின்று கும்பிட்டார். பின்னர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போய் நின்றார்.

வாசலுக்கு வெளியே வயதான ஒரு அம்மா தள்ளுவண்டிலில் கச்சான் விற்றுக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு சரை வாங்கினார். "சனம் முழுக்கப் போகுமட்டும் நிப்பீங்களோ அம்மா?" என்று கேட்டார். "வித்து முடியாட்டி விடியும்வரைக்கும் நிப்பன் பிள்ளை" என்றார் அந்த அம்மா. அக்கா மகனின் தோளைப் பிடித்துத் திருப்பி அந்த வண்டிலைக் காட்டினார்.

"சனத்துக்குள்ளை நாங்கள் கைவிட்டுப் போனால் என்னைத் தேடி ஓடாதை. அழாதை. நேரே இந்த வண்டிலடிக்கு வந்து நில். நான் வருவன். விளங்கிச்சுதோ? எங்கை நிப்பாய் சொல்லு?"

"கச்சான் வண்டிலடியிலை."

என் பக்கம் திரும்பி, மகனுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "அண்டைக்கு அவரிட்டை எங்கை சந்திப்பம் எண்டு கேக்கேல்லை தங்கச்சி."

அதுவரை 'மிஸ்' என்று அழைத்தவர் என்னைத் 'தங்கச்சி' என்றது அப்போதுதான்.

வெடிச்சத்தம்

குருநகர், நாவாந்துறை, பாசையூர், இளவாலை என்று யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டத்தை உயிராக மதிக்கும் ஊர்கள் பல. கடலுக்குப் போய் வந்து வலையைக் காயவிட்ட கையோடு மைதானத்துக்கு வருபவர்கள் அவர்கள். அன்றும் மேளம், கொடி, ஊதுகுழல் என்று அரங்கு நிறைந்திருந்தது. எங்கள் பக்கத்தில் இருந்த பெண்களை எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது பேர். அனேகமாக எல்லோரும் யாரோ ஓர் அண்ணனுடனோ கணவனுடனோ வந்தவர்கள்.

ஆட்டம் தொடங்கியது. அணிக்கு 11 பேர், பாதிக்கு 45 நிமிடம் என்பது வரை எனக்குத் தெரியும். அதற்கு மேல் மகன்தான் எங்களுக்கு ஆசிரியர். 'ஓவ்சைட்' என்றால் என்ன என்று அக்கா கேட்க, அவன் கச்சான் கோதுகளைப் படியில் வரிசையாக வைத்தான். "இது கோல் காப்பாளர். இது கடைசிக்கு முதல் நிக்கிற ஆள். எங்கடை ஆள் பந்தை அடிக்கிற நேரம் நான் இவரையும் பந்தையும் தாண்டி அங்காலை நிண்டு அதை வாங்கக் கூடாது." அக்கா கவனமாகப் பார்த்துவிட்டு, "அப்ப களவாய் முன்னுக்குப் போய் நிக்கக் கூடாது எண்டுறாய்" என்றார். நான் பின்னர் வாசித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

இருபதாவது நிமிடமளவில் முதலாவது கோல். அரங்கு எழும்பியது. அடுத்த கணம் எங்களுக்குப் பின்னால் யாரோ சீனவெடிச் சரம் ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள்.

அக்கா மகனை இழுத்துக் கீழே அமத்தி, அவன் மேல் கவிழ்ந்துவிட்டார். இரண்டு கைகளாலும் அவனுடைய தலையை மூடியிருந்தார். பத்து வயதுப் பிள்ளைக்கு எதுவும் விளங்கவில்லை. "அம்மா, கோல் அம்மா, கோல்!" என்று உள்ளேயிருந்து கத்தினான். எனக்கும் முழங்கால் நடுங்கியது. மேல் வரிசையில் இருந்த ஓர் இளைஞன் சிரித்தான்.

அவனுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் திரும்பினார். "சிரியாதை தம்பி. அவ கண்டதை நீ கண்டிருக்க மாட்டாய்."

சொன்னதோடு நிற்கவில்லை. எழும்பிப் போய் வெடி கொளுத்தியவர்களுடன் ஏதோ கதைத்துவிட்டு வந்தார். அதன் பின்னர் ஒவ்வொரு முறையும், "பிள்ளை, இப்பக் கொளுத்தப் போறாங்கள்" என்று முன்கூட்டியே எங்களுக்குக் குரல் கொடுத்தார். அக்கா காதைப் பொத்திக்கொள்வார். இரண்டாம் பாதியில் ஒரு காதை மட்டும் பொத்தினார்.

எதிர்பாராமல் வரும் சத்தத்துக்கும் தெரிந்து வரும் சத்தத்துக்கும் உடல் ஒரே விதமாக நடுங்குவதில்லை. பயிற்சி வகுப்பில் படித்த இந்த விடயத்தை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அந்தப் பெரியவர் எந்த வகுப்புக்கும் போயிருக்க மாட்டார்.

பத்து நிமிடங்கள்

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் மற்ற அணி கோல் போட்டுச் சமன் செய்தது. ஒன்றுக்கு ஒன்று. வெற்றியைத் தீர்மானிக்கப் பெனால்டி உதைகள். ஒவ்வோர் அணிக்கும் ஐந்து. பந்துக்கும் கோல் கோட்டுக்கும் இடையே 11 மீற்றர். 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட கோலை ஒரு தனிமனிதன் காக்க வேண்டும்.

மகன் ஆதரித்த அணியின் கோல் காப்பாளர் ஒல்லியான ஒரு பொடியன். எப்போது எழும்பினார் என்று அக்காவுக்கே தெரியாது. வாங்கின் மேல் ஏறி நின்று, "பிடி ராசா! பிடி!" என்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பொடியன் இடது பக்கம் பாய்ந்து கடைசி உதையைத் தட்டிவிட்டான்.

அதன் பின் நடந்தது ஊர் வழக்கம். சனம் வேலியைத் தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது. நாங்கள் வாங்கிலிருந்து இறங்கித் திரும்பிப் பார்த்தபோது மகன் இல்லை.

அக்காவின் முகத்தில் அப்போது கண்டதை என்னால் முழுவதுமாக எழுத முடியவில்லை. அவர் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. சுற்றிலும் ஆயிரம் தலைகள், தூசி, மேளம், ஒரே திசையில் தள்ளும் உடல்கள். அவர் அந்த நேரத்தில் துரையப்பா அரங்கில் நிற்கவில்லை, வட்டுவாகலில் நின்றார். ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்வோம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவருடைய விரல்கள் மட்டும் இறுகின.

பிறகு, "வண்டிலடி" என்றார்.

சனத்துக்கு எதிர்த்திசையில் நடந்தோம். அக்கா முன்னால், நான் பின்னால். வாசலுக்குப் போய்ச் சேரப் பத்து நிமிடம் எடுத்தது. நான் கையில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நடந்ததால் அது நிச்சயமாகத் தெரியும்.

கச்சான் வண்டிலின் சில்லுக்குப் பக்கத்தில் அவன் நின்றான். அந்த வயதான அம்மா ஒரு கையால் கச்சான் அளந்தபடி மறுகையால் அவனுடைய சேட்டைப் பிடித்திருந்தார். "அம்மா வருவா ராசா, அசையாதை எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்" என்றார்.

அக்கா முதலில் முதுகில் ஓர் அடி போட்டார். பிறகு அப்படியே நிலத்தில் இருந்து அவனை மடியில் இழுத்து அணைத்துக்கொண்டார். "கோல் காப்பாளரைத் தொட்டுப் பாக்கப் போனனான் அம்மா. ஆனால் நீங்கள் சொன்ன இடத்துக்கு வந்திட்டன்தானே" என்று அவன் அழுதுகொண்டே சொன்னான். போய்க்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். அக்கா யாரையும் பார்க்கவில்லை.

பஸ்ஸில் மகன் அவருடைய மடியில் தூங்கிவிட்டான். நாவற்குழிப் பாலம் தாண்டிய பின்னர்தான் அக்கா வாய் திறந்தார்.

"ஒன்பது வருசமாய்த் தேடுறன் தங்கச்சி. தேடிப் போன இடத்திலை ஆள் நிண்டது இண்டைக்குத்தான்."

திண்ணையில் விளக்கு

ஒன்பது மணி கடந்து இருபது நிமிடமாகிவிட்டது. திண்ணையில் விளக்குடன் மாமி இருந்தார். ஏசப் போகிறார் என்று நினைத்து நானும் முச்சக்கரவண்டியிலிருந்து இறங்கினேன். மாமி எங்களைப் பார்க்கவில்லை. பேரனைப் பார்த்துக் கேட்டார்.

"ஆர் வெண்டது?"

அவ்வளவுதான். தூக்கம் பறந்துவிட்டது. முற்றத்தில் நின்று முதலாவது கோலிலிருந்து கடைசிப் பெனால்டி வரை நடித்தே காட்டினான். கோல் காப்பாளர் பாய்ந்ததைக் காட்ட மண்ணில் விழுந்து எழும்பினான். மாமி கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "உன்ரை கொப்பனுக்கும் பந்தெண்டால் உயிர். சோறு வேண்டாம்" என்றார்.

அந்த வீட்டில் தகப்பனின் பெயர் பல நூறு தடவைகள் எழுதப்பட்டிருக்கிறது. எல்லாம் படிவங்களில். இறுதியாக எங்கே கண்டீர், என்ன உடை, என்ன அடையாளம் என்ற கேள்விகளுக்குப் பதிலாக. அவர் எதை விரும்புபவர் என்று அந்தப் பிள்ளை கேட்டது அன்றிரவுதான் முதற்தடவை. மாமிக்கும் மருமகளுக்குமிடையே பல மாதங்களாகக் கிடந்த மௌனமும் அந்த முற்றத்தில்தான் கொஞ்சம் இளகியது.

நாம் போகலாமா?

ஈரானில் 1979 ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பெண்கள் உதைபந்தாட்ட அரங்குகளுக்குள் போகத் தடை இருந்தது. ஆண் வேடமிட்டு உள்ளே போய்க் கைதானவர்கள் உண்டு. 2019 ஒக்ரோபர் 10 அன்று தெஹ்ரானின் ஆசாதி அரங்கில் கம்போடியாவுக்கு எதிரான போட்டியைப் பார்க்கத் தமக்கென ரிக்கற் வாங்கி ஆயிரக்கணக்கான பெண்கள் போனார்கள். ஈரான் 14 கோல்களால் வென்றது. ஒரு போட்டியைப் பார்க்கும் உரிமைக்காக அந்தச் சகோதரிகள் கொடுத்த விலை பெரிது.

எமக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கை மட்டத்தில் உதைபந்தாட்டக் கிண்ணம் வென்று வந்த மண் இது. எம்மைத் தடுப்பது அயலவரின் வாய். அதைவிட, எமக்குள்ளேயே இருக்கும் ஒரு குரல். "அவர் இல்லாமல் நான் மட்டும் சிரிக்கலாமோ?" என்று கேட்கும் குரல் அது. தகப்பன் இல்லாத பிள்ளைக்குச் சோறும் கொப்பியும் சீருடையும் கிடைக்க நாம் படாத பாடுபடுகிறோம். ஒரு நாள் சந்தோசம் மட்டும் பட்டியலில் வராமல் போய்விடுகிறது. பிள்ளையுடன் ஒரு நாள் சிரிப்பது காணாமற்போனவரை மறப்பதாகாது. அக்கா அன்றைக்கும் மறக்கவில்லை. கணவரை நினைத்ததால்தான் வண்டிலடியைக் காட்டினார்.

பிள்ளையுடன் போட்டி பார்க்கப் போக விரும்பும் தாய்மாருக்கு, எமது அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

• உள்ளே போகுமுன் சந்திக்கும் இடத்தைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். அசையாத, எல்லோருக்கும் தெரிந்த இடமாக இருக்கட்டும். பிள்ளையைக் கொண்டே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

• உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் துண்டில் எழுதிப் பிள்ளையின் பொக்கற்றில் வையுங்கள்.

• படிக்கட்டு ஓரமாக இருக்கும் இடத்தைத் தெரிவு செய்யுங்கள். இதற்கு நேரத்துடன் போக வேண்டும்.

• வெடி கொளுத்துவார்கள் என்பதை மனதில் எடுத்துக்கொண்டே போங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கூச்சப்படாமல் சொல்லி வையுங்கள். உடல் நடுங்கினால் பாதங்களை நிலத்தில் அழுத்தி, மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

• ஆட்டம் முடிந்ததும் பிள்ளையின் கையைப் பிடியுங்கள். நாம் தவறவிட்டது இதைத்தான்! சனம் கலைந்த பின்னர் எழும்புங்கள்.

• திரும்பும் பஸ் நேரத்தையும், இரவு சந்தியிலிருந்து வீடு செல்லும் வழியையும் முதலிலேயே ஒழுங்கு செய்யுங்கள். தனியே போகப் பயமென்றால் இரண்டு மூன்று தாய்மார் சேர்ந்து போங்கள்.

அடுத்த ஆண்டு அந்தக் கிராமத்திலிருந்து நான்கு தாய்மாரும் ஏழு பிள்ளைகளும் போட்டி பார்க்கப் போனார்கள். அதில் இரண்டு பேர் பெண்பிள்ளைகள். நான் போகவில்லை. நான் தேவைப்படவில்லை.

அக்காவின் கணவர் பற்றி இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. மகன் இப்போது தாயை விட உயரமாக வளர்ந்துவிட்டான். நண்பர்களுடன் தனியே போட்டி பார்க்கப் போகிறான். அவன் சைக்கிளில் ஏறும்போது அக்கா கேட்பது ஒரு கேள்விதான். "எங்கை சந்திப்பீங்கள் எண்டு கதைச்சு வைச்சிட்டீங்களோ?" அவன் இடத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் படலையைத் திறந்துவிடுவார்.